பழைய மெஷின் வாளில் ஸ்டார்ட்டர் கோளாறு: தெரிந்துகொள்ள வேண்டிய பக்குவம்

இராமநாதபுரம் சீமையில் விறகு, கரி வியாபாரம் செய்யும் அன்பர்கள் ஏராளம். சாயல்குடி, கமுதி, முதுகுளத்தூர் வட்டாரங்களில் சீமைக் கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரி ஏற்றுவது பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். அரிவாளும் கோடரியும் செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று பெட்ரோல் மெஷின் வாள் செய்கிறது.

நம்மிடம் இருந்த பழைய வாளில் ஒருநாள் ஸ்டார்ட்டர் கயிறு அறுந்தது. வெட்டு ஆட்கள் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள்; லாரிக்கு வாடகை ஏறிக்கொண்டிருந்தது. அவசரத்தில் மூடியைக் கழற்றிக் கப்பியை வெடுக்கென்று தூக்கினோம். உள்ளே சுருண்டிருந்த ஸ்பிரிங் துள்ளி வந்து, அருகில் நின்றவரின் புருவத்தைக் கிழித்தது. கண் தப்பியது தெய்வச் செயல். அன்று கற்ற பாடத்தையே இங்கே எழுதுகிறோம்.

நமக்குக் கரி வியாபாரம் இல்லையே என்று மளிகைக் கடை அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மின்சாரம் நின்றால் நாம் கயிறு இழுத்துக் கிளப்பும் சிறிய ஜெனரேட்டரிலும் இதே அமைப்புதான் இருக்கிறது.

உள்ளே இருப்பது என்ன?

ஒரு கப்பி, அதில் சுற்றிய நைலான் கயிறு, கப்பிக்கு அடியில் சுருள் ஸ்பிரிங், என்ஜினைப் பிடித்துச் சுற்றும் சிறு கொக்கிகள். கயிற்றை இழுத்தால் கொக்கி பிடித்து என்ஜின் சுழலும். விட்டால் ஸ்பிரிங் கயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவ்வளவே.

கோளாறு எங்கே?

முதலில் சுவிட்சை அணைத்து, பிளக் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். பிறகு ஸ்டார்ட்டர் மூடியை மட்டும் தனியே எடுத்துக் கயிற்றை இழுத்துப் பாருங்கள்.

1. தனியே இழுக்கும்போது கயிறு தாராளமாக வந்து திரும்பினால் ஸ்டார்ட்டர் நலம். மாட்டியபின் இறுகினால் கோளாறு என்ஜினில் இருக்கிறது. பலங்கொண்டு இழுத்தால் கயிறுதான் அறும்.

2. கயிறு வருகிறது, என்ஜின் சுற்றவில்லை என்றால் கொக்கி தேய்ந்திருக்கும். அல்லது மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து ஒட்டியிருக்கும்.

3. கயிறு உள்ளே திரும்பவில்லை என்றால் ஸ்பிரிங் முறிந்திருக்கும், முறுக்கு இறங்கியிருக்கும், அல்லது துருப் பிடித்திருக்கும். பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் பக்கத்து உப்புக்காற்றில் துருவே முதல் எதிரி.

கழற்றும் முறை

கயிறு அறாமல் இருந்தால், கப்பியை விரலால் பிடித்துக்கொண்டு முறுக்கை மெதுவாக இறக்கிவிட வேண்டும். கயிறு அறுந்திருந்தால் முறுக்கு தானே இறங்கியிருக்கும்; ஆனாலும் ஸ்பிரிங் தன் கூட்டுக்குள் அடைபட்டே இருக்கிறது. நாம் ஏமாந்தது இந்த இடத்தில்தான். கண்ணாடி அணிந்து, கனத்த துணியால் மூடி அழுத்திக்கொண்டு, கப்பியை இலேசாக அசைத்து எடுக்கவும். ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தால் அதைக் கூட்டிலிருந்து எடுக்கவே வேண்டாம். தூசியைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் சில துளி விட்டால் போதும். கிரீஸ் அப்பினால் மரத்தூள் ஒட்டிக்கொள்ளும்.

புதுக் கயிறு

பழைய கயிற்றின் கனத்தையும் நீளத்தையும் அளந்து, அதே அளவில் வாங்கவும். பல வாள்களில் கனம் 3.5 அல்லது 4 மில்லிமீட்டர், நீளம் ஏறத்தாழ 1 மீட்டர். சாதாரணச் சணல் கயிறு உதவாது. நைலான் முனைகளைத் தீயில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது.

கயிற்றின் ஒரு முனையைக் கப்பியிலும், மறுமுனையை மூடியின் துவாரம் வழியாக வெளியே எடுத்துக் கைப்பிடியிலும் முடிய வேண்டும். பின் கப்பியருகே கயிற்றில் ஒரு வளையம் விட்டு, அதைப் பிடித்து, கயிறு இழுக்கும்போது கப்பி சுற்றும் திசையிலேயே சில சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றின் எண்ணிக்கை மாடலுக்கு மாடல் மாறும். கப்பியை விடாமல் பிடித்து, வளையத்தை நேராக்கி, கயிற்றை மெல்ல உள்ளே விடுங்கள்.

முறுக்கு சரியா என்பதற்கு இரண்டு சோதனை: கைப்பிடி தொங்காமல் மூடியோடு ஒட்டி நிற்க வேண்டும். கயிற்றை முழுவதும் இழுத்தபின்னும் கப்பி இன்னும் அரைச் சுற்றாவது சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முறுக்கு அதிகம், ஸ்பிரிங் முறிந்துவிடும்.

பழக்கமே பாதுகாப்பு

கயிற்றை மெதுவாக இழுத்து, பிடி கிடைத்தபின் விசையாக இழுக்க வேண்டும். கடைசி வரை இழுக்கவும் கூடாது, சட்டென்று கையை விடவும் கூடாது. மிகப் பழைய வாள்களில் சங்கிலி பிரேக் இருக்காது; அவற்றைத் தரையில் ஊன்றி, காலால் மிதித்துக்கொண்டே கிளப்ப வேண்டும்.

ஒரு முழக் கயிறு இற்றுப்போனதற்காக ஒரு நாள் வியாபாரம் கெட வேண்டியதில்லை. கல்லாவுக்கு அருகில் ஒரு மாற்றுக் கயிறும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் இருக்கட்டும். இரண்டில் முதலில் வாங்க வேண்டியது கண்ணாடி.