நம்ம ஊரு எந்த மாவட்டம்?



உதவித்தொகை படிவத்தில் மாவட்டம் என்ற இடத்தில் நான் ‘வேலூர்’ என்று எழுதிட்டேன். என் பிறப்புச் சான்றிதழில் அப்படித்தானே இருக்கு! சார் அதை அடிச்சிட்டு ‘ராணிப்பேட்டை’ என்று எழுதச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். தாத்தாவின் நிலப் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம். அப்பாவின் 1995-ஆம் வருட மாற்றுச் சான்றிதழில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். எனக்கு வேலூர். 2021-ல் பிறந்த தம்பிக்கு ராணிப்பேட்டை. நாலு பேரும் இதே திமிரியில், ஒரே வீட்டில்தான் இருக்கோம்!

பழைய வட ஆற்காடு ரொம்பப் பெரியது. 1911 வரை சித்தூர்தான் அதன் தலைநகரம். சித்தூர் தனி மாவட்டமானதும் தலைநகரம் வேலூருக்கு வந்தது. 1989 செப்டம்பர் 30-ல் திருவண்ணாமலை பிரிந்தது. மீதிக்கு அம்பேத்கர் பெயர் வைத்தார்கள். 1990-களின் பின்பாதியில் அது வேலூர் மாவட்டம் ஆனது. 2019-ல் வேலூரை மூன்றாகப் பிரித்து, நவம்பர் 28 அன்று ராணிப்பேட்டை மாவட்டத்தைத் தொடங்கினார்கள். ஆயாவுக்கு இதில் சந்தோஷம். கலெக்டர் ஆபீஸ் போகணும்னா இப்போ ஆற்காடு போய் பாலாற்றுப் பாலம் தாண்டினா போதும், வேலூர் வரைக்கும் போக வேணாம். ஆனா பிரிச்சதால ஒரு கஷ்டமும் வந்தது. மற்ற மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்த ஊராட்சித் தேர்தல், நம்ம மாவட்டம் உட்பட 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் நடந்தது.

இன்னொரு குழப்பம். திமிரி பேரூராட்சி வேற, திமிரி ஊராட்சி ஒன்றியம் வேற! பேர்தான் ஒண்ணு. நம்ம தெருவிளக்கு எரியலைன்னா பேரூராட்சியில் மனு கொடுக்கணும். சுத்தி இருக்கிற கிராம ஊராட்சிகள்தான் ஒன்றியத்தில் வரும். கிராமத்தில் இருக்கிற எங்க அத்தை ஒன்றியத்துக்கு ஓட்டுப் போடுவாங்க, எங்க அம்மாவுக்கு அந்த ஓட்டு கிடையாது. பட்டா, சாதிச் சான்றிதழுக்கு ரெண்டு பேருமே தாலுகா ஆபீஸ் போகணும்.

இத்தனை கோடு போட்டும் பாலாறு எந்தக் கோட்டிலும் நிக்கலை. வாணியம்பாடி, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில், பேரணாம்பட்டு வேலூரில், மேல்விஷாரம் நம்ம மாவட்டத்தில். எல்லா ஊரிலும் தோல் தொழிற்சாலை இருக்கு. மேலே கலந்த கழிவு கீழேதானே வரும்? 1996-ல் உச்ச நீதிமன்றம் தோல் கழிவு பற்றித் தீர்ப்பு சொன்னபோது இதெல்லாம் ஒரே மாவட்டம். 2025 ஜனவரி 30-ல் மறுபடி தீர்ப்பு சொல்லி, குழு அமைக்கச் சொன்னபோது மூன்று மாவட்டம், மூன்று கலெக்டர்.

போர்ச்சுகல் நாட்டில் மொத்தம் 308 நகராட்சிகள். பக்கத்துப் பக்கத்து நகராட்சிகள் சேர்ந்து கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. இப்படி 21 இருக்கு. லிஸ்பன், போர்ட்டோ சுற்றுவட்டாரத்துக்கு வேற ஏற்பாடு. நகராட்சித் தலைவர்களே ஒன்றாக உட்கார்ந்து பஸ், தண்ணீர், குப்பை பற்றிப் பேசுகிறார்கள். ஆம்பூர், மேல்விஷாரம், ஆற்காடு, ராணிப்பேட்டை தலைவர்கள் பாலாற்றுக்காக அப்படி உட்கார்ந்தால் நல்லா இருக்கும்னு எனக்குத் தோணுது. கலெக்டர் மாறினாலும் ஆறு மாறாதே.

உங்க வீட்டுப் பெட்டியில் 1911-க்கு முந்தைய பத்திரம் இருந்தா, எந்த மாவட்டம்னு பார்த்துச் சொல்லுங்க. அடுத்த தாளில் எழுதறேன்.