நம்பிக்கைகளும் உண்மைகளும்: போதை மீட்புக்கு லட்சங்கள் வேண்டுமா?

குடியையோ போதை மருந்தையோ விட வைக்கத் தனியார் மையத்தில் மூன்று மாதம் சேர்த்தாக வேண்டும், அதற்கு லட்சக்கணக்கில் ஆகும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வேரோடிவிட்டது. நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டுகிறவர்களில் பலருக்கு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதே சிகிச்சை காசில்லாமல் கிடைப்பது தெரியாது. சிகிச்சை என்பது என்ன என்று பார்த்தால் கணக்கு விளங்கும். வருடக்கணக்காகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும், பிதற்றல்கூட வரும். இந்த ஆபத்தான முதல் சில நாட்களைக் கடத்துவது டயசிபாம் போன்ற பழைய மாத்திரைகளும், வைட்டமின் பி1 ஊசியும், பக்கத்திலிருந்து கவனிக்கும் ஆட்களும்தான். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்கிறவர்களுக்குத் தரப்படும் புப்ரெனார்பினும் அரசு மாற்று மருந்து மையங்களில் இலவசம். பிறகு நடப்பதெல்லாம் ஆலோசனையும் மாதக்கணக்கான ஓ.பி. வருகையும். கூடுதலாகக் கொடுக்கும் பணம் நல்ல அறையைத் தரும்; மருந்தை மாற்றிவிடாது.

இலவசம் என்றால் ஏனோதானோ என்றுதானே இருக்கும் என்பார்கள். கூட்டமும் காத்திருப்பும் உண்மைதான். தினக்கூலிக்காரருக்கு ஓ.பி. வரிசையில் போகும் ஒரு நாள் என்பது ஒரு நாள் சம்பளம். அதை யாரும் ஈடுகட்டுவதில்லை. ஆனால் 2025இல் தமிழக அரசு 25 இடங்களில் திறந்த ‘கலங்கரை’ மையங்கள் இந்தச் சிகிச்சைக்கென்றே அமைந்தவை. ஒன்றிய அரசின் மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களும் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும் ஏன் போவதில்லை? 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது பெறுகிறார். பணம் மட்டும் இத்தனை பேரைத் தடுத்திருக்காது. வெட்கம் ஒரு காரணம், போலீஸ் பயம் இன்னொன்று. இந்தப் பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது: சிறிய அளவு போதைப்பொருள் வழக்கில் சிக்கியவர்கூடத் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் முழுச் சிகிச்சை பெற்றால், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்து விலக்குக்கு வழி வைத்திருக்கிறது.

லட்சங்கள் வேண்டும் என்ற நம்பிக்கைக்கு நேர்மாறான தவறும் உண்டு: காப்பீடு இருக்கிறதே, பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே அடிப்படையில் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். மதுவும் போதைப்பொருளும் உண்டாக்கும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்றே அது கணக்கில் எடுக்கிறது. ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளோ, மது, போதை அடிமைத்தனச் சிகிச்சையை விலக்கிவைக்க நிறுவனங்களுக்கு இடம் கொடுக்கின்றன. ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் பிடுங்குவது இது. எனவே தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள், சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் விலக்குப் பட்டியலைப் படித்துவிடுவது நல்லது.

இலவசம் வேண்டாம், மலிவான தனியார் மையம் போதும் என்று கிளம்புகிறவர்கள், அது மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று முதலில் கேட்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சேர்த்த பிறகு வீட்டாரைப் பார்க்கவே விடாத இடத்தில், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஆளை விடக்கூடாது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு 14446 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பக்கத்தில் எந்த அரசு மையம், உள்நோயாளிப் படுக்கை உண்டா, என்ன ஆவணம் எடுத்துவர வேண்டும் என்ற மூன்றையும் அடகுக் கடைக்குப் போகும் முன் கேட்டுவிடலாம்.