ஆய்விதழும் தமிழாய்வும்

முன்னுரை

ஆய்வு என்பது அறிதலோடு முடிவதன்று; அறிந்ததைப் பிறர்க்கு அறிவித்தலும் அதன்பாற்பட்டதேயாகும். ஓர் ஆய்வாளர் கண்ட முடிவு பிற அறிஞர் பார்வைக்கு வந்து, வினவப்பட்டு, திருத்தம் பெற்ற பின்னரே கல்வி உலகின் பொதுச்சொத்தாகிறது. அதற்குரிய களம் ஆய்விதழ். மதுரையில் தோன்றிய ஓர் இதழின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு, கல்வி ஆராய்ச்சியில் ஆய்விதழ் பெறும் இடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்விதழின் தோற்றமும் இயல்பும்

1665ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பாரிசிலும், அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் இலண்டனிலும் அறிஞர்களுக்கென இரு இதழ்கள் தோன்றின. அதற்கு முன்னர் அறிஞர்கள் தம் கண்டுபிடிப்புகளைப் பெரும்பாலும் கடிதங்கள் வாயிலாகவும் நூல்கள் வாயிலாகவுமே பரிமாறிக்கொண்டனர். கடிதம் ஒருவர் கையில் தங்கும். நூல் வெளிவரப் பல்லாண்டுகள் ஆகும். இவ்விரு குறைகளையும் இதழ் நீக்கியது.

இன்றைய ஆய்விதழில் கட்டுரை நேரே அச்சேறுவதில்லை. பதிப்பாசிரியர் அதனைத் துறைவல்லார் இருவர்க்கோ மூவர்க்கோ அனுப்புவார். எழுதியவர் பெயரை மதிப்பிடுவோர் அறியார்; மதிப்பிடுவோர் பெயரை எழுதியவர் அறியார். சான்று போதுமா, முன்னோர் கருத்து ஒப்புநோக்கப்பட்டதா, முடிவு சான்றினின்று பிறந்ததா என்பவற்றை அவர்கள் ஆராய்வர். திருத்தம் வேண்டின் கட்டுரை திரும்பி வரும். இத்திரும்பி வருதலை மாணவர்கள் இழிவாகக் கருதுதல் கூடாது. அது கட்டணமின்றிக் கிடைக்கும் பாடமாகும்.

அடிக்குறிப்பின் பயனும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஒரு செய்தியைச் சொன்னவர் யார், அவர் யாரிடமிருந்து பெற்றார் என்று அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்த பின்னரே நபிமொழியை ஏற்கும் மரபு நம்மிடையே உண்டு. ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பும் அத்தகைய பொறுப்புணர்விலேயே பிறக்கிறது.

மதுரை தந்த ‘செந்தமிழ்’

1901ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். மதுரை மாநகரில் திருக்குறளும் கம்பராமாயணமும் தேடிக் கிடைக்காத வருத்தமே அதற்குக் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியின் ஆதரவும் அதற்கு இருந்தது. பாண்டியன் புத்தகசாலை, சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை, அச்சுக்கூடம் ஆகியவை சங்கத்தின் உறுப்புகளாயின. நூலகம் பழையதைக் காத்தது. கலாசாலை அதனைக் கற்பித்தது. கற்றவர் கண்ட புதியதை உலகிற்கு உரைக்க ஓர் இதழ் வேண்டியிருந்தது. 1902இல் ‘செந்தமிழ்’ திங்களிதழ் பிறந்தது.

ரா. இராகவையங்கார் அதன் முதல் ஆசிரியராக விளங்கினார். அவரைத் தொடர்ந்து மு. இராகவையங்காரும், பின்னர் திரு. நாராயணையங்காரும் அப்பொறுப்பை ஏற்றனர். முழுநூலாகக் கிடைக்காத முத்தொள்ளாயிரத்தின் பாடல்கள் புறத்திரட்டு என்னும் தொகைநூலுள் மறைந்து கிடந்தன. நூறுக்குச் சற்று மேற்பட்ட அப்பாடல்களை ரா. இராகவையங்கார் 1905இல் தமிழ்ச் சங்கத்தின் வழியாகப் பதிப்பித்தார். மு. இராகவையங்காரின் ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல ‘செந்தமிழில்’ வெளிவந்து, பின்னரே நூலுருப் பெற்றன. இதழில் பயின்ற கை, 1913 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணியில் ஈடுபட்டது என்பதும் நினைவுகூரத்தக்கது.

இச்சங்கத்தோடு இஸ்லாமியப் புலவர்க்கும் உறவு இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரான நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) இச்சங்கத்தைப் பாராட்டிப் புலவராற்றுப்படை இயற்றினார். சமய எல்லை கடந்து புலமை ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட அவையாக அது திகழ்ந்தமைக்கு இது சான்றாகும்.

‘செந்தமிழ்’ காட்டிய வழியில் செந்தமிழ்ச் செல்வி 1923இலும், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தமிழ்ப்பொழில் 1925இலும் தோன்றின. தனிநாயகம் அடிகளார் 1952இல் தொடங்கிய ஆங்கில இதழான ‘தமிழ்க் கல்ச்சர்’ தமிழாய்வை வெளிநாட்டறிஞர்க்கு அறிமுகம் செய்தது. நெல்லையில் நா. வானமாமலை 1969இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழ் நாட்டார் வழக்காற்றுக்கு ஆய்வுத் தகுதியை ஈட்டித் தந்தது.

கருத்து வேறுபாட்டின் பயன்

சேரர் தலைநகராகிய வஞ்சி எது என்னும் வினா அறிஞரிடையே நெடுங்காலம் நிலவியது. கருவூரே என்று நிறுவ ரா. இராகவையங்கார் ‘வஞ்சிமாநகர்’ என்னும் நூலையே எழுதினார். மேலைக் கடற்கரையை அடுத்த கொடுங்கோளூர்ப் பகுதியே என்று வாதிட்டோரும் சான்றுகளை அடுக்கினர். பின்னாளில், கரூரை அடுத்த புகளூர்க் குன்றில் சேர மன்னர் பெயர்களைக் கூறும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் படித்தறியப்பட்டபோது, அச்சான்று எந்த வினாவுக்கு விடையாகும் என்பதைக் கல்வி உலகம் உடனே உணர்ந்தது. வினா எழுத்தில் நின்றமையாலேயே விடை தன் இடத்தைக் கண்டுகொண்டது. வாய்மொழியோடு போயிருப்பின் கல்வெட்டும் வெறுங்கல்லாக நின்றிருக்கும்.

அச்சேறா ஆய்வின் இழப்பு

நாம் எம்.ஃபில். பட்டத்திற்காக மேலூர், வாடிப்பட்டி வட்டாரத்துச் சிற்றூர்களில் இஸ்லாமியத் தாலாட்டுப் பாடல்களைத் தொகுத்தோம். மூதாட்டி ஒருவர் பாடிய பாடலில் ஒரு சொல் நமக்கு விளங்கவில்லை. ‘பொருள் தெளிவில்லை’ என்று குறித்துவிட்டு ஆய்வேட்டை முடித்தோம். இரண்டாண்டு கழித்து வேறொரு கல்லூரி நூலகத்தில் ஓர் ஆய்வேட்டைப் புரட்டுகையில் வியப்பும் வருத்தமும் ஒருங்கே எழுந்தன. நமக்கு முன்னரே ஒருவர் அதே ஊர்களில் அதே பாடல்களைத் தொகுத்திருந்தார். நாம் ஐயுற்ற சொல் அதில் வேறு வடிவில், பொருளோடு பதிவாகியிருந்தது. எவ்வடிவம் சரியென்று கேட்டறிய மேலூர்ப் பக்கம் விரைந்தோம். அம்மூதாட்டி முந்தைய ஆண்டே இறையடி சேர்ந்திருந்தார்.

அவர் தம் ஆய்வேட்டினின்று ஒரு கட்டுரையை இதழுக்கு அனுப்பியிருந்தால் நாம் அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருப்போம். அவரை மட்டும் குறைகூற நமக்குத் தகுதியில்லை. நம் ஆய்வேடும் அன்றுவரை அலமாரியிலேதான் இருந்தது.

இதற்கு மாறான சான்றும் உண்டு. இலங்கை அறிஞர் ம.மு. உவைஸ் தமிழிலக்கியத்திற்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு குறித்துச் செய்த பட்ட ஆய்வு 1953இல் அச்சேறியது. பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்து, பீ.மு. அஜ்மல்கானோடு இணைந்து அவர் உருவாக்கிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றுத் தொகுதிகளுக்கு அதுவே வித்தாயிற்று. இத்துறையில் அடியெடுத்து வைப்போர் எவரும் அவற்றைக் கடந்து செல்லுதல் அரிது.

இன்றைய நிலை

பதவி உயர்வுக்கும் பட்டத்திற்கும் கட்டுரை வேண்டும் என்ற நிலை தோன்றியதும், பணம் பெற்றுக்கொண்டு படியாமலே அச்சிடும் போலி இதழ்கள் பெருகின. பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே திங்களில் 4,305 இதழ்களைத் தன் பட்டியலினின்று நீக்கியது. 2019இல் ‘கேர்’ என்னும் புதிய பட்டியல் வந்தது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. 2022ஆம் ஆண்டு விதிகள் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியதோடு, முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் கட்டுரை வெளியிடவேண்டும் என்ற கட்டாயத்தையும் நீக்கின. ஆகவே, நல்லிதழ் எது என்று தேரும் பொறுப்பு இப்போது ஆசிரியரையும் மாணவரையுமே சார்ந்துள்ளது. சில நாளில் அச்சாகும் என்று உறுதி கூறி முதலில் கட்டணம் கேட்கும் இதழை விலக்குக. பதிப்புக் குழுவினர் யாவர், முன்னைய இதழ்களின் தரம் யாது என்று பார்த்த பின்னரே கட்டுரையை அனுப்புக.

முடிவுரை

மாணவர்கள் தம் ஆய்வேட்டின் சாரத்தை ஆறு பக்கக் கட்டுரையாக்கி நல்லிதழ் ஒன்றற்கு அனுப்புதல் வேண்டும். கல்லூரித் தமிழ்த்துறைகள் தம்மிடமுள்ள ஆய்வேடுகளின் பட்டியலைத் தொகுத்து ஒன்றற்கொன்று வழங்குதல் வேண்டும். சமுதாயப் பெரியோர்கள் தம் இல்லப் பெட்டிகளில் உறங்கும் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளையும் ஏடுகளையும் ஆய்வாளர் கண்டு விளக்கம் எழுத இசைவளித்தல் வேண்டும். மூதாட்டியர் பலர் இன்றும் நம் சுற்றுப்புற ஊர்களில் தாலாட்டுப் பாடிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்போம். கேட்டதைப் பிறர் திருத்தக்கூடிய இடத்தில் எழுதி வைப்போம்.