டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் விந்தணு ஏன் குறையுது?

ஜிம் பக்கம் போறவங்க காதுல டெஸ்டோஸ்டிரோன் ஊசி பத்தின பேச்சு விழாம இருக்காது. ஆண் ஹார்மோன்தானே, வெளியே இருந்து இன்னும் கொஞ்சம் ஏத்தினா எல்லாமே கூடும்னு தோணும். தசை கூடும், சரி. ஆனா விந்தணு குறையும், பலருக்கு பூஜ்யத்துக்கே போயிடும். இது ஏன்னு புரியணும்னா, விந்தகத்துக்குள்ள எந்த செல் எந்த செல்லோட பேசுதுன்னு பார்க்கணும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு ரொம்பப் பழக்கமான கதைதான்.

விந்தகம் முழுக்க சுருண்டு கிடக்கும் மெல்லிய குழாய்கள். அவற்றின் உள்சுவரில் இருப்பவை செர்டோலி செல்கள். 1865ல் என்ரிகோ செர்டோலி இவற்றை விவரித்தார். வளரும் விந்தணுக்களைத் தாங்கிப் பிடிப்பது, ஊட்டுவது எல்லாம் இவைதான். குழாய்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் லேடிக் செல்கள். டெஸ்டோஸ்டிரோன் தயாராவது அங்கே.

இரண்டுக்கும் மேலிடத்து உத்தரவு தனித்தனி. மூளையின் ஹைபோதலாமஸ் விட்டுவிட்டு சிக்னல் அனுப்பும். அதைக் கேட்டு பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். எல்ஹெச் போய் லேடிக் செல்லைத் தட்டும், எஃப்எஸ்ஹெச் செர்டோலி செல்லை.

சுவாரஸ்யமே இனிமேதான். விந்தணுவாக மாறப்போற செல்களுக்கு டெஸ்டோஸ்டிரோனை உணரும் ஏற்பியே கிடையாது! லேடிக் செல் சொல்றதை பக்கத்து வீட்டு செர்டோலி செல் கேட்டு, தன் பராமரிப்பு வழியா அந்த செல்களுக்குக் கொண்டுபோய் சேர்க்கணும். ஹார்மோன் அங்கேயே தயாராவதால், விந்தகத்துக்குள் அதன் அளவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். இந்த 'பல மடங்கை' ஞாபகம் வச்சுக்கோங்க.

பேச்சு ஒருவழிப் பாதையும் இல்லை. கருவில் இருக்கும்போதே செர்டோலி செல் அனுப்பும் 'டெசர்ட் ஹெட்ஜ்ஹாக்' என்ற புரதத்தைக் கேட்டுத்தான் லேடிக் செல்கள் உருவெடுக்குது. பாலைவன முள்ளெலி! பயாலஜிக்காரங்க பேர் வைக்கிற அழகு அப்படி. பெரியவங்க ஆனபிறகு செர்டோலி செல் இன்ஹிபின் பி-யை அனுப்பி எஃப்எஸ்ஹெச்சைக் குறைக்கச் சொல்லும். டெஸ்டோஸ்டிரோன் ஏறினா, ஹைபோதலாமஸும் பிட்யூட்டரியும் அடங்கிடும். சுத்தமான நெகட்டிவ் ஃபீட்பேக்.

இப்ப ஊசிக்கு வாங்க. மூளை அளக்கிறது ரத்தத்தில் இருக்கும் அளவை மட்டும்தான். அது லேடிக் செல்லில் இருந்து வந்ததா, ஊசியில் இருந்து வந்ததான்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. 'போதும்'னு எல்ஹெச்சை நிறுத்தும், எஃப்எஸ்ஹெச்சும் இறங்கும். லேடிக் செல் கடையைச் சாத்திடும். ரத்தத்தில் வெள்ளம், விந்தகத்துக்குள் வறட்சி. அந்தப் பல மடங்கு அளவை ஊசியால உள்ளே கொண்டுவர முடியாது. செர்டோலி செல்லுக்குச் செய்தி வரலை, உற்பத்தி நிக்குது, விந்தகமே சுருங்குது.

உலக சுகாதார நிறுவனம் 1990ல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்டாங்க. 157 பேருக்கு விந்தணுவே இல்லாமல் போச்சு. அவங்க சோதிச்சது எதைத் தெரியுமா? ஆண்களுக்கான கருத்தடை ஊசியை!

நிறுத்தினா பெரும்பாலும் திரும்ப வரும், ஆனா உடனே வராது. முதல்ல எல்ஹெச் எழுந்திருக்கணும், அப்புறம் ஒரு விந்தணு உருவாகவே சுமார் இரண்டரை மாசம் ஆகும். வருஷக்கணக்கா போட்டவங்களுக்கு இன்னும் இழுக்கும். அதனாலதான் ஹார்மோன் குறைவாக இருந்து, குழந்தையும் வேணும்னு வர்றவங்களுக்கு டாக்டர்கள் டெஸ்டோஸ்டிரோன் தருவதைத் தவிர்க்கிறாங்க. எல்ஹெச் மாதிரியே லேடிக் செல்லைத் தட்டும் ஹெச்சிஜி ஊசியைத் தர்றாங்க.