ஜீப் என்ஜினில் செயினுக்குப் பதில் கியர்: கவனிக்க வேண்டியவை

மலைத் தோட்டங்களுக்கு உரமும் ஆட்களும் ஏற்றிச் செல்லவும், விளைபொருளைக் கீழே இறக்கவும் பழைய ஜீப்பை நம்பியிருக்கும் விவசாயிகள் இன்றும் உண்டு. பல வண்டிகளில் பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜின் வைத்துவிட்டார்கள். மூல என்ஜினையே காப்பாற்றி வருபவர்களுக்கு, டைமிங் செயின் தேய்ந்ததும் ஒரு யோசனை எழுவது இயல்பு. செயினைத் தூக்கிப் போட்டுவிட்டு கியர் மாட்டிவிட்டால் என்ன? மாட்டலாம். ஆனால் செயின் இருந்த இடத்தில் இரண்டு கியரை வைத்தால் போதும் என்று எண்ணினால் செலவு வீணாவதோடு என்ஜினும் ஓடாது.

1941 முதல் 1945 வரை போருக்காகச் செய்யப்பட்ட வில்லீஸ் ஜீப்பை ராணுவத்தார் 'கால் டன் டிரக்' என்றே குறித்தார்கள். அதன் நான்கு சிலிண்டர் என்ஜின் 134 கன அங்குலம், 60 குதிரைத்திறன். அதில் இருந்தது செயின். 1945இல் அமெரிக்க விவசாயிகளை மனத்தில் வைத்து, ஏர் இழுக்கவும் பெல்ட் மாட்டிப் பண்ணை இயந்திரங்களை ஓட்டவும் வெளிவந்த சி.ஜே. 2ஏ ஜீப்பிலும் முதலில் செயின்தான். 1946 வாக்கில் அதே என்ஜின் கியருக்கு மாறியது. மகிந்திரா ஜீப்புகளில் ஓடிய ஹரிகேன் பெட்ரோல் என்ஜினிலும் கியரே. செயின் வைத்த பழைய என்ஜினும் கியர் வைத்த என்ஜினும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால்தான் பழைய சாமான் கடையில் குழப்பம் வருகிறது.

கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். செயினானாலும் கியரானாலும் இந்தக் கணக்கு மாறாது. மாறுவது திசை. சைக்கிளில் பெடலும் பின்சக்கரமும் ஒரே பக்கம் சுற்றுவதுபோல, செயின் இரண்டு ஷாப்டையும் ஒரே பக்கம் சுழற்றும். பல்லோடு பல் கோத்த இரண்டு கியர்களோ, கரும்பு ஆலையின் உருளைகளைப்போல் எதிரெதிராகச் சுழலும். ஆகவே செயினுக்கென்று கடைந்த கேம் ஷாப்டைக் கியரால் ஓட்டினால் அது தலைகீழாகச் சுற்றும், வால்வுகள் முறை மாறித் திறக்கும், என்ஜின் பிடிக்காது.

கேம் ஷாப்டை மாற்றினால் ஆயில் பம்பையும் மாற்றியே தீர வேண்டும். பம்பை ஓட்டுவது கேம் ஷாப்டிலுள்ள சாய்பல் கியர். டிஸ்ட்ரிபியூட்டரும் அந்தப் பம்பின் வழியாகவே சுற்றுகிறது. கேமின் திசை மாறினாலும் டிஸ்ட்ரிபியூட்டர் பழைய திசையிலேயே சுற்ற வேண்டுமாதலால், புதிய வகையில் பற்களை எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்டியிருக்கிறார்கள். இரண்டு வகைப் பம்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாய்வு கண்ணுக்கே தெரியும். கேம், பம்ப், இரண்டு கியர்கள், முன் தகடு, கவர் எல்லாவற்றையும் கியர் வகை என்ஜின் ஒன்றிலிருந்தே சேர்த்து வாங்குவது உத்தமம். அமெரிக்காவில் வி-8 டிரக் என்ஜின்களுக்கு நடுவில் இடைக் கியர் வைத்த செட்டுகள் விற்கிறார்கள். இடைக் கியர் திசையைத் திரும்பவும் நேராக்கிவிடுவதால் அங்கே பழைய கேமே போதும். அதைக் கேள்விப்பட்டு ஜீப்புக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது.

இவ்வளவு செலவு தேவைதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்துவிட்டு, வண்டியை டாப் கியரில் போட்டுக் கையால் சற்றே முன்னும் பின்னும் தள்ள வேண்டும். ஃபேன் புல்லி கணிசமாகத் திரும்பியும் ரோட்டர் அசையாமல் நின்றால் செயின் நீண்டுவிட்டது என்று கொள்ளலாம். கேம், பம்ப் நல்ல நிலையில் இருந்தால் புதுச் செயினும் பல்சக்கரங்களும் போடுவதே சிக்கனம். கேமும் தேய்ந்திருந்தால் மட்டுமே கியருக்கு மாறுவதில் அர்த்தம் உண்டு.

இந்த என்ஜினில் கிராங்க் கியர் எஃகு. கேம் கியரின் பற்கள் அழுத்திய ஃபைபர். சத்தம் குறையவே இந்த ஏற்பாடு. பற்களின் இடைவெளி 0.002 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஃபைபர் பல் உதிர்ந்த என்ஜினாக இருந்தால் ஆயில் சம்பை இறக்கிச் சல்லடையைக் கழுவாமல் மூடக் கூடாது. துகள் அடைத்தால் பேரிங் எரியும். கியருக்கு எண்ணெய் தெளிக்கும் சிறு துவாரத்தையும் மெல்லிய கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். பட்டறைகளில் மறந்துவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

குறியிட்ட பல், குறியிட்ட பல்லிடையில் உட்கார வேண்டும். கவரைப் பூட்டுமுன் ஹேண்டிலால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் குறிகள் மறுபடி சேர வேண்டும். சேராவிட்டால் கழற்றித் திரும்பக் கோக்க வேண்டும். பம்பில் எண்ணெய் நிரப்பிய பிறகே மாட்டி, முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் ஆயில் கேஜைப் பார்க்க வேண்டும். சில விநாடிகளில் முள் எழவில்லையென்றால் உடனே நிறுத்திவிட வேண்டும்.