ரோபோ நம்மோடு இயல்பாகப் பேசுகிறதா? நோயாளியும் குடும்பத்தாரும் செய்ய வேண்டிய மதிப்பீடு

குத்தம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி வழியாகச் சென்னைக்குச் செல்வோர் கடந்து போகும் போரூரில், ரோபோக்கள் உணவு பரிமாறும் உணவகம் ஒன்று 2019ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கும் முன்னரே, 2016 நவம்பரில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி, வாடிக்கையாளரின் கேள்விகளுக்கு விடை கூறும் ‘லட்சுமி’ என்னும் ரோபோவைச் சென்னையில் அறிமுகப்படுத்தியது. 2020இல் கொரோனா பரவியபோது ரோபோக்கள் மருத்துவமனைக்குள்ளும் வந்தன. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தனிமைப்படுத்தப்பட்ட நோயாளிகளுக்கு உணவும் மருந்தும் கொண்டுசெல்ல அவை பயன்பட்டன. எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரியில் ‘கர்மி-பாட்’ என்னும் ரோபோ உணவும் மருந்தும் கொண்டு சென்றதோடு, மருத்துவரும் நோயாளியும் திரை வழியே முகம் பார்த்துப் பேசவும் உதவியது.

உணவகத்தில் ரோபோ நம் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால், கேட்ட உணவுக்கு மாற்றாக வேறொன்று மேசைக்கு வரும். நாமும் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்புவோம். நோயாளியின் கட்டிலருகே அவ்வாறு சிரித்துவிட முடியாது. ஆகவே, ஒரு ரோபோ மனிதரோடு எவ்வளவு இயல்பாகப் பழகுகிறது என்பதை எப்படி அளக்கிறார்கள், அந்த அளவீட்டில் நமக்குரிய பங்கு என்ன என்பதை இவ்விதழில் அறிந்துகொள்வோம்.

அறிஞர்கள் எவ்வாறு அளக்கிறார்கள்?

இத்துறையில் பரவலாகக் கையாளப்படும் வினாத்தாள் ஒன்று, கிறிஸ்டோஃப் பார்ட்னெக் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்டது. ‘காட்ஸ்பீட்’ வினாத்தாள் என்பது அதன் பெயர். ரோபோவோடு பழகி முடித்தவரிடம் அது ஐந்து தன்மைகளைப் பற்றிக் கேட்கிறது: மனிதச் சாயல், உயிர்ப்பு, விரும்பத்தக்க தன்மை, அறிவுடைமை, அதன் அருகில் இருக்கையில் தோன்றும் பாதுகாப்புணர்வு. ஒவ்வொன்றின் கீழும் எதிரெதிர்ச் சொற்கள் இணை இணையாகத் தரப்பட்டிருக்கும். ‘போலி – இயல்பு’ என்பது அவற்றுள் ஓர் இணை. ‘பதற்றம் – அமைதி’ என்பது போன்றது மற்றோர் இணை. இரண்டுக்கும் இடையே 1 முதல் 5 வரையுள்ள எண்களில் ஒன்றை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இது பயனுள்ள கருவியே. ஆனால் அது அளப்பது ரோபோவைப் பற்றி நம் மனத்தில் பதிந்த எண்ணத்தை மட்டுமே. நாம் சொன்னதை ரோபோ சரியாகப் புரிந்துகொண்டதா என்பதை அத்தாள் தனித்து நின்று கூறாது. எனவே நல்ல ஆய்வுகளில் உரையாடலைப் பதிவு செய்து, எங்கே தடங்கல் நேர்ந்தது, யார் யாரை இடைமறித்தார், பிழை எவ்வாறு திருத்தப்பட்டது என்பவற்றையும் எண்ணிப் பார்க்கிறார்கள்.

மனிதரைப் போலிருப்பதுதான் இயல்பா?

ரோபோ மனிதரைப் போல் ஆக ஆக நமக்கு அதன்மேல் விருப்பம் கூடும் என்று தோன்றலாம். ஜப்பானியப் பொறியியல் அறிஞர் மசாஹிரோ மோரி 1970இலேயே இதனை மறுத்தார். சாயல் ஏறக்குறைய முழுமையடைந்து, ஏதோ ஒன்று மட்டும் பொருந்தாமல் நிற்கும்போது விருப்பம் சட்டென்று சரிந்து, ஒருவித அச்சம் எழும் என்றார் அவர். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று செயற்கைக் கை. பார்வைக்கு உண்மையான கையைப் போலவே இருக்கும் அதனைப் பற்றிக் குலுக்கியவர், அதன் குளிர்ச்சியையும் எலும்பற்ற பிடியையும் உணர்ந்த நொடியில் திடுக்கிடுவார்.

இதற்கு மறுபுறம் ‘பாரோ’ என்னும் ரோபோவைக் கூறலாம். ஜப்பானைச் சேர்ந்த தகானோரி ஷிபாடா உருவாக்கிய இது, கடல்நாய்க் குட்டியின் வடிவில், வெண்மயிர் போர்த்தியது. அது ஒரு சொல்லும் பேசாது. தடவிக் கொடுத்தால் அசையும், குரல் கொடுக்கும். மறதிநோய் கண்ட முதியோரின் பராமரிப்பில் அது பயன்பட்டு வருகிறது. அமெரிக்காவில் 2009இல் மருத்துவக் கருவியாகவும் ஏற்கப்பட்டது. பூனை, நாய் ஆகியவற்றின் நடத்தையை நாம் நன்கறிவோம். ஆகவே போலியை உடனே கண்டுகொள்வோம். கடல்நாயை அருகிருந்து பார்த்தவர் சிலரே. அதனாலேயே அவ்வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது. உருவ ஒற்றுமை வேறு, இயல்பாகப் பழகுதல் வேறு என்பதை இவ்விரு சான்றுகளும் உணர்த்துகின்றன.

கட்டிலருகே நிகழும் உரையாடல்

ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் தொடங்குவது உரையாடலின் அடிப்படை. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கேள்விக்கும் விடைக்கும் இடையிலுள்ள இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே என்று கண்டது. அப்பத்து மொழிகளில் தமிழ் இல்லை. அதிலும் பார்க்க வேண்டியது, நோயுற்றவர் இந்த வேகத்தில் விடை கூறுவதில்லை என்பது. மூச்சுத் திணறுபவர் சொல்லுக்குச் சொல் நிறுத்துவார். பக்கவாதத்திலிருந்து மீள்பவர் சொல்லைத் தேடுவார். அந்த இடைவெளியைப் பேச்சின் முடிவென்று எண்ணி ரோபோ அடுத்த கேள்விக்குத் தாவினால், அவர் சொல்ல வந்தது சொல்லப்படாமலே போகும்.

அடுத்தது சொல்லின் பொருள். ‘இப்போது எப்படி இருக்கிறது?’ என்னும் கேள்விக்கு நம் வீட்டு முதியவர் ‘பரவாயில்லை’ என்கிறார். நேற்றைவிடச் சற்றுத் தேறியிருக்கிறேன் என்பது அதன் ஒரு பொருள். வலி இருக்கிறது, ஆயினும் பொறுத்துக்கொள்கிறேன் என்பது இன்னொரு பொருள். என் பொருட்டு நீ சிரமப்பட வேண்டாம் என்பதும் அச்சொல்லிலேயே அடங்கும். எது என்பதை மகள் முகத்தைப் பார்த்து அறிவாள். செவிலியர், “ராத்திரி தூங்கினீங்களா பாட்டி?” என்று மேலும் ஒரு கேள்வி கேட்டு அறிவார். ரோபோ ‘நலம்’ என்று குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தால், அதன் குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அந்த உரையாடல் தோற்றுவிட்டது.

இதனினும் கவனிக்கத்தக்கது ‘வாயு’ என்னும் சொல். நெஞ்சில் இறுக்கம் தோன்றும்போது நம்மில் பலர் “வாயு பிடிச்சிருக்கு” என்றே கூறுகிறோம். அது செரிமானக் கோளாறாகவும் இருக்கலாம். மாரடைப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். நீரிழிவு நோயாளிகளிடத்திலும் முதியோரிடத்திலும் மாரடைப்பு கடும் வலியின்றியும் வருவதுண்டு. இத்தகைய இடத்தில் எந்தக் கருவியின் விடைக்காகவும் காத்திருத்தல் ஆகாது. மருத்துவமனைக்குள் இருந்தால் உடனே செவிலியரை அழைக்க வேண்டும். வீட்டில் இருந்தால் 108ஐ அழைக்க வேண்டும்.

‘சரி’ என்பதும் அவ்வாறே. ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கும் நாம் ‘சரி’ என்போம். ‘புரிந்தது’ என்பதற்கும் ‘சரி’ என்போம். மருந்து உட்கொள்ளும் முறையை விளக்கிய பின், “நான் சொன்னதை ஒருமுறை நீங்க சொல்லுங்க, பார்ப்போம்” என்று கேட்பது நல்ல செவிலியரின் வழக்கம். ரோபோவும் அவ்வாறு கேட்டு உறுதி செய்கிறதா என்பதை நாம் பார்க்க வேண்டும்.

பேசுவது யார்?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் 1966இல் ‘எலிசா’ என்னும் கணினி நிரலை வெளியிட்டார். தட்டச்சு செய்யப்பட்ட சொற்களைத் திருப்பிக் கேள்வியாக்குவதைத் தவிர அதற்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆயினும் மக்கள் அதனிடம் தம் மனக்குறைகளைக் கொட்டினர். அதனைக் கண்டு அவரே கவலையுற்றார். இயல்பாகப் பேசும் கருவி, நம்மைப் புரிந்துகொண்ட கருவி என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம் என்பதே அதன் பாடம்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ரோபோவின் வழியே கேட்கும் குரல், வேறோர் அறையில் இருக்கும் மருத்துவருடையதாக இருக்கலாம். அப்போது நாம் ‘இயல்பு’ என்று மதிப்பெண் இடுவது மனிதருக்கே அன்றி ரோபோவுக்கு அன்று. ஆதலால் பேசுவது கருவியா, மனிதரா என்பதை முதலில் கேட்டுத் தெளிவது நம் உரிமை.

நாம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. பேசுவது கருவியா, மனிதரா? கருவி அதனைத் தெளிவாகத் தெரிவிக்கிறதா?
2. நோயாளி நிறுத்தி நிறுத்திப் பேசும்போது அது பொறுத்திருக்கிறதா?
3. புரியாதபோது ‘புரியவில்லை’ என்று ஒப்புக்கொண்டு மீண்டும் கேட்கிறதா?
4. தவறாகப் புரிந்துகொண்டதை நாம் திருத்த முடிகிறதா?
5. ‘செவிலியரைக் கூப்பிடு’ என்றவுடன் செவிலியர் வருகிறாரா?

மதிப்பீட்டுத் தாள் கையில் வரும்போது

ரோபோவைப் பற்றிய ஆய்வில் பங்கேற்குமாறு நம்மைக் கேட்கலாம். பங்கேற்பது நம் விருப்பம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆய்வின் விவரத்தை அறிந்து ஒப்புதல் தரவும், இடையில் விலகிக்கொள்ளவும் பங்கேற்பாளருக்கு உரிமை உண்டு. மறுப்பதனால் நமக்குரிய சிகிச்சை குறையாது.

பங்கேற்றால் உள்ளதை உள்ளபடி கூற வேண்டும். நம்மைக் கவனித்துக்கொள்பவர் தாளை நீட்டும்போது ‘நன்று’ என்று எழுதிக் கொடுப்பது நம் பண்பாகிவிட்டது. குறை சொன்னால் அவர்கள் மனம் வருந்துமோ என்று தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தால் 5 என்று இட்ட மதிப்பெண், நமக்குப் பின் அதே கட்டிலுக்கு வரும் இன்னொருவருக்குத் தீங்காக முடியலாம். அவர் ‘பரவாயில்லை’ என்று சொல்லும்போது அதனைத் தவறாகப் படிக்கும் கருவியே அங்கு நின்றுகொண்டிருக்கும்.

ஆகவே, எண்ணோடு நில்லாமல் நிகழ்ந்ததையும் ஓரிரு வரிகளில் எழுதுவோம். ‘அப்பா பேசி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி கேட்டது’, ‘தலை சுற்றல் என்றது அதற்குப் புரியவில்லை’ என்பன போன்ற குறிப்புகள் கருவியைச் சீர்செய்வோருக்குப் பெரிதும் உதவும். நோயாளியால் எழுத இயலாதபோது உடனிருப்பவர் அவரைக் கேட்டு எழுதலாம். ஆனால் அவருக்காகத் தாமே முடிவு செய்தல் கூடாது. எழுதத் தெரியாதவர்கள் வாய்மொழியாகச் சொன்னாலும் போதும். பணியாளரிடம் கூறி, சொன்னபடியே பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்ளலாம்.