மின்சாரத்துக்கு ஆணையம் உண்டு, தண்ணீருக்கு?

கேள்வி: ஐயா, போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் போகும் சாலையோரத்தில், ஊராட்சி எல்லைக்குள் அமைந்த ஒரு மனைப்பிரிவில் நான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். மனை விற்றவரே போர் போட்டு, மேல்நிலைத் தொட்டி கட்டி, குழாய் மூலம் வீடுகளுக்குத் தண்ணீர் விடுகிறார். மாதம் 300 ரூபாயாக இருந்த கட்டணத்தைச் சென்ற மாதம் 600 ஆக்கிவிட்டார். இஷ்டமில்லாதவர்கள் லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். தனியார் விற்கும் தண்ணீருக்கு விலை வைக்க எந்த அரசு அலுவலகம் இருக்கிறது? இன்னொன்று: என் தங்கை பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறாள், அங்கே குடிதண்ணீருக்கென்று கூலியில் பிடிக்கிறார்கள். இது சரியா?
— ஒரு வாசகி

பதில்: தங்கள் முதல் கேள்விக்கு நேரான விடை, அப்படியோர் அலுவலகம் தமிழ்நாட்டில் இல்லை என்பதே. தண்ணீரைப் பற்றிய அதிகாரங்கள் பல இலாகாக்களில் சிதறிக் கிடக்கின்றனவேயன்றி, தனியார் குழாய்த் தண்ணீரின் விலை நியாயமானதா என்று விசாரிக்கும் பொறுப்பு அவற்றுள் எதனிடமும் ஒப்படைக்கப்படவில்லை. போடி நகராட்சி தன்னுடைய இணைப்புகளுக்குத்தான் கட்டணம் விதிக்கலாம். 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த குடிநீர் வடிகால் வாரியம், கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை அமைத்து உள்ளாட்சிகளுக்கு மொத்தமாக நீர் வழங்குவதோடு நின்றுவிடுகிறது. நிலத்தடி நீரை வியாபாரத்துக்காக எடுப்போர் அனுமதி பெற வேண்டும் என்று விதித்த 2014-ஆம் ஆண்டின் 142-ஆம் எண் அரசாணையோ, எங்கே, எவ்வளவு எடுக்கிறாய் என்று கேட்கிறதே தவிர, என்ன விலைக்கு விற்கிறாய் என்று கேட்பதில்லை. கேன் தண்ணீரில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால், எடையளவுச் சட்டப்படி தொழிலாளர் துறை அதிகாரிகள் வழக்குப் போடலாம். ஆனால் அந்த விலையை அச்சிடுகிறவர் விற்பவரேயல்லவா?

பெரிய தனியார் திட்டங்களிலும் இதே நிலைதான். பனியன் தொழிலின் சாயப்பட்டறைகளுக்கும், நகரத்துக்கும், வழியிலுள்ள கிராமங்களுக்குமாகக் காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திறனோடு இருபது ஆண்டுகளுக்கு முன் எழுந்த திருப்பூர்த் திட்டம் ஒரு கம்பெனியின் பெயரில், முப்பதாண்டு உடன்படிக்கையின்மேல் நடப்பது. அங்கே விலை, அவ்வுடன்படிக்கையின் ஷரத்துகளால் தீர்மானமாயிற்றேயன்றி, தண்ணீர் குடிப்பவர் எழுந்து ஆட்சேபம் சொல்லத்தக்க ஒரு பொது விசாரணையால் அன்று.

அப்படியானால் இந்த அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்? தாங்கள் நேராக இதைக் கேட்கவில்லையாயினும், தங்கள் கடிதத்தின் ஜீவன் அதிலேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஊராட்சியிடமே விட்டுவிடலாம் என்பார் உண்டு. நான் அதற்கு இசையமாட்டேன். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவுப்படி குடிதண்ணீர் வசதி செய்வது ஊராட்சியின் சொந்தக் கடமை. அக்கடமையை நிறைவேற்றாத இடத்தில் இன்னொருவர் விற்கும் நீருக்கு அதுவே விலை வைக்கத் தொடங்கினால், கடமை கைமாறிப் போனதற்கு முத்திரையிட்டதாகவே முடியும். நீர்வளத் துறையோ ஆற்றையும் ஏரியையும் அறியும். மோட்டாரின் மின்கட்டணம் எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று கணக்கைப் பிரித்துப் பார்ப்பது அதன் தொழிலன்று.

மின்சாரத்தைப் பாருங்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி, கட்டணத்தை உயர்த்த விரும்புவோர் தம் மனுவைப் பத்திரிகையில் வெளியிட வேண்டும். ஜனங்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்து, 120 நாட்களுக்குள் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட வேண்டும். நிராகரித்தால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். தண்ணீருக்கும் இத்தகைய சுதந்திர ஆணையத்தை ஒவ்வொரு மாநிலமும் நிறுவ வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் தேசிய நீர்க் கொள்கை கூறிற்று. அதற்கும் முன்பே, 2005-இல், மகாராஷ்டிரம் சட்டமியற்றி ஒன்றை அமைத்தது. ஆயினும் அது மொத்த நீரின் கட்டணத்தைப் பற்றியதே, வீட்டுக் குழாயளவும் அது வருவதில்லை. தமிழ்நாட்டில் அமைவது வீட்டுக் குழாய் வரைக்கும் வர வேண்டும், மாவட்டந்தோறும் வந்து உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். தங்கள் ஊரில் ஏலக்காய்க்கு நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்கூடத்தில், ஒவ்வொரு குவியலுக்கும் விலை எல்லார் கண்ணெதிரிலும் ஏறி இறங்குகிறது. மலைச்சரக்குக்குக் கிடைத்த அந்தப் பகிரங்கம், அதே மலையடிவாரத்தில் உயிர்வாழ வேண்டிய தண்ணீருக்குக் கிடைக்காதது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆணையம் வரும்வரை தாங்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மனை விற்றவரே நீர் விடுகிறார் என்ற ஒரு செய்தி தங்களுக்கு அனுகூலமானது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 11(4)(d) பிரிவு, குடியிருப்போர் சங்கம் பராமரிப்பை ஏற்கும்வரை அத்தியாவசிய சேவைகளை 'நியாயமான கட்டணத்தில்' நடத்தித் தருவதை மனைப்பிரிவு அமைத்தவரின் பொறுப்பாக்கியிருக்கிறது. அந்தச் சொல்லே தங்கள் ஆயுதம். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டதாயின், சென்னையிலுள்ள ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் 31-ஆம் பிரிவின்கீழ்ப் பிராது கொடுத்து, 300 எப்படி 600 ஆயிற்று என்று கணக்குக் காட்டச் சொல்லலாம். குழாயை அடைக்காதிருக்க 36-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவும் கேட்கலாம்.

இன்னொரு வாசல், பலருக்குத் தெரியாதது, நிரந்தர மக்கள் நீதிமன்றம். எந்த ஸ்தாபனம் பொதுமக்களுக்குத் தண்ணீர் வழங்கினாலும் அதனைப் 'பொதுப் பயன்பாட்டுச் சேவை' என்று சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 22A பிரிவு சொல்லுகிறது. சமரசம் ஏற்படாவிட்டால் வழக்கைத் தீர்த்துவைக்கும் அதிகாரமும் அந்நீதிமன்றத்துக்கு உண்டு. தேனி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள். நுகர்வோர் ஆணையத்தை மட்டும் நம்பியிராதீர்கள்: ஒப்புக்கொண்ட விலைக்கோ, சட்டம் வைத்த விலைக்கோ மேற்பட வாங்கியதை அது கேட்கும், விலையே அநியாயம் என்ற வாதத்துக்கு அங்கே இடம் குறைவு. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்துக் கிராம சபையில், ஊராட்சியே இணைப்புத் தர வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள்.

தங்கை விஷயத்தில் சந்தேகமில்லை. ஏலத்தோட்டத்தையும் உள்ளடக்கிய 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர் வழங்குவதை முதலாளியின் கடமையாக்கிற்று. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டமும் அக்கடமையை நீக்கவில்லை. கடமைக்குக் கூலியில் பிடித்தம் செய்வது தகாது. பூப்பாறை கேரளத்தில் இருப்பதால், மனு அம்மாநிலத் தொழிலாளர் துறையின் தோட்ட ஆய்வாளருக்குப் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று: கோபத்தில் பணம் கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். பழைய 300 ரூபாயை வங்கி வழியே அனுப்பி, உயர்வை ஆட்சேபித்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள். மனை வாங்கியபோது கொடுத்த விளம்பரத் தாள் கையிலிருந்தால் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். அதில் தண்ணீர் வசதியைப் பற்றி ஒரு வரி இருந்தாலும், ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி அது தங்களுக்குச் சாட்சி.